இரவல் பால்

கொழும்பு
8 மே 2022

அன்புள்ள அண்ணிக்கு,

சுலக்ஷனா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அண்ணனும் நீங்களும் இரண்டு பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மாரியம்மனை வேண்டிக்கொண்டே வந்தேன்.

வீடு பெரிய வீடு. வீட்டம்மாவுக்கு ஒரு கைக்குழந்தை. பெண். என் லோஜனை விடப் பத்து நாள் இளையது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. என் போனை அம்மா வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் தருவார்கள், அதுவும் அவர்கள் முன்னால் சத்தமாகப் போட்டுத்தான் பேச வேண்டும். அந்தப் பக்கம் போன் அண்ணன் கையில் இருக்கும். பெண்கள் பேசிக்கொள்வதை அதில் எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன். பதிலைச் சந்தியில் இருக்கும் முத்துலிங்கம் கடை முகவரிக்குப் போடுங்கள். அவர் நம் மலைப்பக்கம், நோர்வூட் ஆள், பத்திரமாக எடுத்து வைப்பார்.

லோஜன் ரொம்ப அழுகிறானா? தாலி கட்டிய கஜேந்திரன் என்னை விட்டுவிட்டுப் போகாமல் இருந்திருந்தால், இரண்டு மாதப் பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு நான் ஏன் பஸ் ஏறப் போகிறேன்? எனக்கு நெஞ்சு கட்டி வலிக்கிறது. துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறேன். ஒரு வாரத்தில் பால் வற்றிப்போகும் என்கிறார்கள்.

இந்தத் தட்டுப்பாட்டில் பால்மா எந்தக் கடையிலும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கடவுள் உங்களுக்கு இந்த வயதில் பிள்ளையையும் கொடுத்துப் பாலையும் கொடுத்தது எனக்காகவும்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். என் கல்யாணத்தன்று, பிள்ளை இல்லாதவர் என்று, ஆலாத்தித் தட்டை நீங்கள் தொட வேண்டாம் என்று சொன்னேன். அப்போது எனக்குப் புத்தி இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு என் பிள்ளையைக் காயப்போட்டுவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுலக்ஷனா


வட்டகொடை
5 ஜூன் 2022

என் அன்பு சுலாவுக்கு,

தெய்வானை எழுதுவது. நாங்கள் நால்வரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, கொழும்புத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். உன் கடிதம் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர் மேசையில் ஒன்பது நாள் கிடந்துவிட்டு வந்தது.

லோஜன் முதல் இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் என்னைப் பிடித்துக்கொண்டான். இப்போது மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும்போதும் இரண்டு வேளை இறங்கிப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுகிறேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மீனம்மாக்கா இரண்டையும் ஆளுக்கொரு பக்கம் மடியில் போட்டுவிடுவாள். என் மகள் அபிஷா மெதுவாகக் குடிப்பாள், பாதியில் தூங்கிவிடுவாள். உன் மகன் அப்படியில்லை. அவன் இழுக்கிற இழுப்பில் என் பாதத்தில் இருக்கிறதெல்லாம் மேலே ஏறி வருவது போல் இருக்கும்.

முந்தாநாள் அடுத்த லயத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்கவே வந்தார்கள். "கெழவிக்கு வந்த வாழ்வப் பாருங்கடி" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். இருபது வருஷம் இதே பெண்கள் தங்கள் பிள்ளைகளை நான் தூக்கினால் வீட்டுக்குப் போய்ச் சுற்றிப்போடுவார்கள். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு ஒன்றல்ல, இரண்டு.

ஆலாத்தித் தட்டு விஷயம் எனக்கு மறந்தே போனது. பித்தளைத் தட்டு, ஓரத்தில் சின்ன நசுங்கல். அவ்வளவுதான் ஞாபகம்.

இடுப்பில் லேசாக ஒரு பிடி இருக்கிறது. பிரசவத்து வலி போகவில்லை என்று மீனம்மாக்கா சொல்கிறாள். நீ கவலைப்படாதே.

அன்புடன்
தெய்வானை


கொழும்பு
17 ஜூலை 2022

அன்புள்ள அண்ணி,

நான் நலம். உங்கள் இடுப்புப் பிடி விட்டதா? சூடாக எண்ணெய் தடவி வெந்நீர் ஊற்றுங்கள். இங்கே ரோட்டில் ஒரே ஆர்ப்பாட்டம், ஒரு மாதமாகச் சந்திக் கடையைத் தாண்டி எங்கும் போகவில்லை.

ஆனால் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. காலையும் இரவும் ஒரு கோப்பை பால், தினம் முட்டை, நெத்தலி, கீரை. விடிந்ததும் அம்மா கல்சியம் மாத்திரையைத் தன் கையால் கொடுத்து, நான் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உறைப்புச் சேர்க்க விடமாட்டார்கள். வேலைக்காரியை இப்படிப் பார்த்துக்கொள்கிற வீட்டை நான் கேள்விப்பட்டதில்லை. அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது, பல வருஷ வைத்தியத்துக்குப் பிறகு பிறந்த முதல் பிள்ளை. கிட்டத்தட்ட உங்களைப் போல.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத்தான் மூளையும் எலும்பும் பலமாக வரும் என்று அம்மா சொல்கிறார்கள். லோஜனுக்கு முதலில் கொடுத்துவிட்டு மிச்சத்தை அபிஷாவுக்குக் கொடுங்கள். அவள் பெண்பிள்ளை, கஞ்சித் தண்ணீர் குடித்தும் வளர்ந்துவிடுவாள். அவன் தகப்பன் இல்லாத பிள்ளை.

அண்ணனிடமும் இதைச் சொன்னேன். சரிதான் என்றார்.

சுலா


வட்டகொடை
28 ஆகஸ்ட் 2022

அன்பு சுலாவுக்கு,

உன் சுகத்துக்குக் கடவுள் துணை. இங்கே பிள்ளைகள் நலம். லோஜனுக்கு இரண்டு பல். அபிஷாவுக்கு இன்னும் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையை இறக்கும்போது ஒரு தும்மல் வந்தது. வெறும் தும்மல்தான். முதுகுக்குள் காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கங்காணி வந்து, "தெய்வான, ஒனக்கு மட்டும் மல குனிஞ்சு குடுக்குமா? எந்திரி" என்றார். எழுந்தேன். அன்றைக்கு அரைநாள் பெயர்தான் விழுந்தது, அரைச் சம்பளம்.

தோட்டத்து மருந்துக்காரர் களிம்பு கொடுத்தார். இப்போது பரவாயில்லை. படுத்தால் திரும்புவதுதான் கஷ்டம், அதனால் திரும்பாமல் படுக்கிறேன். பிள்ளைகளை மீனம்மாக்கா தூக்கித் தருகிறாள்.

கர்ப்பிணியாக இருந்தபோது கொடுத்த மாத்திரையும் சத்துமாவும் இப்போது கிளினிக்கில் இல்லை. நான் ஒன்று கேட்க நினைத்தேன். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பால்மா எங்கே வாங்குகிறார்கள்? எங்காவது ஒரு பெட்டி கிடைத்தால் அனுப்பிவை. ஒரே ஒரு பெட்டி. இராத்திரி ஒரு வேளைக்காவது உதவும்.

தெய்வானை


கொழும்பு
30 அக்டோபர் 2022

அண்ணிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம்தான் என்று அண்ணன் சொன்னார்.

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன ஞாயிறு அண்ணனிடம் கேட்டேன். "அவ வேலைக்கும் போகாம சும்மா படுத்துக் கெடக்குறா. புள்ளைய தூக்கிக் குடுக்கிறதுக்குக்கூட ஆள் வேணும்ங்குறா" என்றார். இந்த வீட்டம்மாவும் என் பக்கத்தில் இருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எனக்குப் புரிகிறது அண்ணி. நான் அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு நீங்கள் இன்றைக்கு என் பிள்ளை வயிற்றில் கணக்குத் தீர்க்கிறீர்கள். முதுகு வலி யாருக்குத்தான் இல்லை? நம் தோட்டத்தில் முதுகு வலிக்காத பெண் ஒருத்தியைக் காட்டுங்கள். எங்கள் அம்மா ஐந்து பெற்று, ஐந்துக்கும் பால் கொடுத்து, கடைசி வரைக்கும் மலையில் நின்றாள். நீங்கள் ஒன்று பெற்றுவிட்டு இப்படி விழுந்து கிடக்கிறீர்கள்.

லோஜனின் படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். மெலிந்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

சுலக்ஷனா


வட்டகொடை
4 டிசம்பர் 2022

அன்பு சுலாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். படம் அனுப்பியிருக்கிறேன், லோஜன் மெலியவில்லை. கையெழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நவம்பரில் மீனம்மாக்காதான் சண்டை போட்டு என்னை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். உன் அண்ணனும் வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் சிவனேஸ்வரி என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"உங்களுக்கு எத்தினை வயசு?"

"நாப்பத்திரண்டுங்க."

"எங்கயும் விழுந்தனீங்களோ?"

"இல்லீங்க. தும்முனேன்."

"எத்தினை பிள்ளையளுக்குப் பால் குடுக்கிறியள்?"

"ரெண்டுங்க. ஒன்னு எம் புள்ள. ஒன்னு நாத்தனா புள்ள."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் முதுகெலும்பில் மூன்று கட்டைகள் நசுங்கியிருக்கின்றன, சுலா. தூணில் வைத்த செங்கல் நசுங்குகிற மாதிரி. அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் எழுதுகிறேன்.

"பால் குடுக்கேக்க எல்லாத் தாய்மாருக்கும் எலும்பிலயிருந்து கொஞ்சம் சுண்ணாம்புச் சத்துப் போகும் அம்மா. பால் மறக்கடிச்சாப் பிறகு அது திரும்பி வந்திடும். எல்லாருக்கும் இப்பிடி நொறுங்கிறேல்லை, ஆயிரத்தில ஒருத்திக்குக்கூட வராது. ஆனா உங்கட வயசு, நீங்கள் சாப்பிடுற சாப்பாடு, முதுகில கூடை, அதுக்கு மேல ரெண்டு பிள்ளை. போனது நிரம்ப நேரமே கிடைக்கேல்லை. ரெண்டு பேருக்கும் பாலை நிப்பாட்டுங்கோ. இண்டைக்கே."

வெளியே வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு புள்ளைக்கு மட்டும் நிப்பாட்டு" என்றார்.

நிறுத்திவிட்டேன்.

சுலா, அபிஷாவும் லோஜனும் சோறு பிசைந்து கொடுத்தால் சாப்பிடுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். இன்னொன்றையும் நிறுத்தலாம் என்று நீ ஒரு வார்த்தை உன் அண்ணனிடம் சொன்னால் போதும். நீ சொன்னால் கேட்பார். அந்த ஒரு பெட்டி பால்மாவைத் தவிர நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை.

தெய்வானை


கொழும்பு
26 டிசம்பர் 2022

அன்புள்ள அண்ணி,

நத்தார்ப் பண்டிகைக்கு இந்த வீட்டில் விருந்து, அந்த வேலையில் எழுதப் பிந்திவிட்டது. முதுகுக்குப் பட்டி கட்டிக்கொள்கிறீர்களா? சுகமாகிவிடும், பயப்படாதீர்கள்.

எந்தப் பிள்ளைக்கு நிறுத்தினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் கேட்டேன். அபிஷாவுக்குத்தான் என்றார். அப்புறம்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

லோஜனுக்கு ஒரு வயதாவது முடியட்டும் அண்ணி. இன்னும் இரண்டு மூன்று மாதம்தானே? டொக்டர்மார் எல்லோருக்கும் இப்படித்தான் பயம் காட்டுவார்கள். இந்த வீட்டம்மாவுக்கும் இதே கதைதான். கர்ப்பத்துக்கு முன்னாலேயே பெரிய டொக்டர் ஒருவர் மெஷினில் எலும்பை அளந்து பார்த்துவிட்டு, உங்கள் வயதுக்கு எலும்பு ரொம்ப மெலிவு, பிள்ளை பிறந்தால் பால் கொடுக்க வேண்டாம், முதுகு உடையும் என்று சொன்னாராம். நான் வேலைக்கு வந்த முதல் நாளே அம்மா இதை என்னிடம் சொன்னார்கள். பணக்காரர்களின் பயம் வேறு. நாம் கூடை சுமந்த பரம்பரை, நம் எலும்பு அப்படியா?

புதுவருஷம் எல்லோருக்கும் நல்லதாக இருக்கட்டும்.

சுலா


வட்டகொடை
9 ஜனவரி 2023

சுலக்ஷனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தரம் படித்தேன்.

அந்த அம்மா பால் கொடுப்பதில்லை. பால்மா நாட்டில் இல்லை. நான் ஒரு பெட்டி கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. உனக்குக் காலையும் இரவும் பாலும் மாத்திரையும் தருகிறார்கள்.

அந்தப் பிள்ளை யாருடைய பாலைக் குடிக்கிறது?

தெய்வானை


கொழும்பு
12 மார்ச் 2023

அண்ணி,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

என் பாலைத்தான். மே மாதத்திலிருந்து. அதற்காகத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தவர் முதலில் கேட்டதே, வயசு என்ன, பிள்ளை பெற்று எத்தனை நாள் என்பதுதான். துணி கட்டி வற்ற வைக்கிறேன் என்று எழுதியது பொய். லோஜனையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "ரெண்டு பேருக்குக் குடுத்தா எங்க பிள்ளைக்குக் குறையும்" என்றார்கள். நான் என்ன செய்ய? கஜேந்திரன் போன பிறகு எனக்குத் திறந்த ஒரே கதவு இது.

அம்மாவைப் பற்றி டொக்டர் சொன்னது எனக்கு முதல் நாளே தெரியும். உங்கள் வயதும் எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன் என்று எழுதலாம். அதுவும் உண்மை இல்லை. நினைக்காமல் இருந்தேன்.

இங்கே பிள்ளைக்குப் போன மாதம் பால் மறக்கடித்தாயிற்று. என் எலும்பையும் அளந்து பார்த்தார்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறதாம், சின்ன வயது, வருஷத்துக்குள் நிரம்பிவிடும் என்றார்கள்.

ஜூலையில் இவர்கள் ஆஸ்திரேலியா போகிறார்கள். பிள்ளையைப் பார்க்க என்னையும் கூட்டிப்போகிறார்கள். இரண்டு வருஷம். லோஜன் உங்களோடு இருக்கட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். நீங்களும் மறுக்க மாட்டீர்கள் என்று தெரியும், அவன் மேல் உங்களுக்கு உயிர்.

அம்மா மிச்சம் வைத்த கல்சியம் மாத்திரை ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறேன். காலாவதித் திகதிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

என்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அவனுக்கு என் படத்தைக் காட்டிக்கொண்டே இருங்கள். அம்மா, அம்மா என்று சொல்லிக் கொடுங்கள்.

சுலா


வட்டகொடை
21 மே 2023

சுலக்ஷனாவுக்கு,

கடிதமும் மாத்திரையும் வந்தன. மாத்திரையை நான் கோபத்தில் வீசவில்லை. முடியும் வரை விழுங்கினேன். எனக்குத் தேவை.

உன் டிசம்பர் கடிதத்தைப் படித்த அன்றைக்கே லோஜனுக்குப் பாலை நிறுத்திவிட்டேன். உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நெஞ்சில் வேப்பெண்ணெய் தடவினேன். மூன்று நாள் கத்தினான். நான்காம் நாள் உன் அண்ணன் என்னை அறைந்தார். கன்னத்தில்தான். "முதுகுல அடிக்கல, பாத்துக்க" என்று அவரே சொல்லிக் காட்டினார். அதற்குப் பிறகும் நான் கொடுக்கவில்லை.

நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டது. கொதித்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று நினைத்து வேப்பெண்ணெயைக் கழுவிவிட்டு அபிஷாவைப் பக்கத்தில் போடச் சொன்னேன். அவளுக்கு நான் நவம்பரில் நிறுத்தியது. அவள் என் நெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மீனம்மாக்காவிடம் கையை நீட்டினாள். இன்றைக்கு வரைக்கும் என்னிடம் வருவதில்லை. இருபது வருஷம் விரதம் இருந்து பெற்ற பிள்ளை, நான் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

போன வாரம் கிளினிக்கில் என்னை நிற்க வைத்து அளந்தார்கள். இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறேன். பால் நின்றதால் இனிமேல் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும், ஆனால் நசுங்கியது நசுங்கியதுதான் என்று அந்த டொக்டர் சொன்னார். கூடை சுமக்கக் கூடாது, பிள்ளை தூக்கக் கூடாது. தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்கையா வேலைப் பட்டியலில் என் பெயரை வெட்டிவிட்டார்.

லோஜன் நடக்கிறான். நான் உட்கார்ந்தால் வந்து என் காலைக் கட்டிக்கொள்கிறான். குனிந்து தூக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும், தானாகவே பலகையில் ஏறி மடிக்கு வருவான். அவனை நான் வளர்ப்பேன். அவன் ஒரு பாவமும் செய்யவில்லை. ஒரு வேளை சோறு குறையாது, கை ஓங்கமாட்டேன், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். நீ பயமில்லாமல் ஆஸ்திரேலியா போ.

மன்னிப்பைப் பற்றி நீ கேட்ட வரியை என்னால் எழுத முடியவில்லை.

உன் படத்தை நீ சொன்னபடி தினமும் காட்டுகிறேன். உன் கல்யாணப் படம், சுவரில் இருக்கிறதே, அதுதான். சாப்பாடு ஊட்டும்போது இரண்டு பேரையும் அதற்கு முன்னால் உட்கார வைத்து, "இது யாரு? அத்த. கொழும்பு அத்த" என்று சொல்லிக் கொடுக்கிறேன். என்னை அவன் அம்மா என்றுதான் கூப்பிடுகிறான், நான் திருத்தவில்லை. உன் அண்ணன் காதிலும் விழுகிறது, அவரும் திருத்தவில்லை.

அபிஷாவுக்கு வார்த்தை வந்துவிட்டது. லோஜனுக்கு அம்மா என்பதைத் தவிர இன்னும் நாக்குப் புரளவில்லை, படத்தைக் காட்டி "த்தே, த்தே" என்கிறான். நீ திரும்பி வரும்போது அத்தை என்று தெளிவாகச் சொல்லுவான்.

தெய்வானை